நாலு மணிப் பால்

மணி மூணு ஆகி அஞ்சு நிமிசம். செவுத்துக் கடியாரத்தையே பாத்துட்டுக் கெடக்கறேன். நாலு மணிக்கு நான் போனா பையனுக்கு என் பால், போகலைன்னா டப்பாப்பால். விசயம் அவ்வளவுதான். காலையில எட்டரைக்கு வயித்தைத் திறந்து எடுத்தாங்க, எடுத்த ஈரத்தோட என் நெஞ்சு மேல வெச்சாங்க, பத்து நிமிசம் இருந்திருப்பான், அப்பறம் மூச்சு வெசையா வாங்குறான்னு குழந்தைங்க வார்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பயப்பட ஒண்ணுமில்லை சுகுணா, வலி எடுக்கறதுக்கு முன்னாடியே நாள் குறிச்சு ஆபரேசன்ல எடுக்கற கொழந்தைக்கு நெஞ்சுல கொஞ்சம் தண்ணி நிக்கும், தன்னால வத்திடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. வத்திடுச்சாம். ரெண்டு மணிக்கு வந்து சொல்லிட்டுப் போனாங்க. இன்னிக்கு ஒரு நாள் அங்கயே வெச்சுப் பாப்போம், நாலு மணிக்கு அம்மா வந்து பால் குடுத்துப் பாக்கட்டும்னாங்க. அம்மா வந்துன்னா நான் வந்து. இந்தக் கட்டிலை விட்டு எந்திரிச்சு, வாசலைத் தாண்டி, வராந்தாவுல நேரா போனா கடைசி ரூம்பு. தையல் போட்டு முழுசா ஏழு மணி நேரம் ஆகலை. போன பிரசவத்துல எந்திரிச்சுத்தான் விழுந்தேன்.

வலி இருக்குதான்னு கேட்டா, இருக்குது, ஆனா பக்கத்து வீட்டுல யாரோ சண்டை போடற மாதிரி இருக்குது, நம்ம வீட்டுக்குள்ள வரலை. அது எனக்குச் சந்தேகமா இருக்குது. நான் பனியன் கம்பெனியில செக்கிங். பதிமூணு வருசமா டேபிள் லைட்டுக்கு அடியில துணியை விரிச்சு, எங்க ஓட்டை, எங்க ஊசி விட்டிருக்கு, எங்க எண்ணெய்க் கறைன்னு பாக்கறதே பொழப்பு. நல்ல துணியைப் பாத்தா சந்தோசம் வராது, இன்னும் நல்லாப் பாருன்னுதான் கை பரபரக்கும். இந்த ஆஸ்பத்திரியையும் அப்படித்தான் பாத்துட்டிருக்கேன். காலையில இருந்து எல்லாம் நல்லாவே நடக்குதே, எங்கியோ ஒரு ஓட்டை இருக்கணுமே. ஆபரேசனுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி சிஸ்டர் செல்வராணி ஒரு டம்ளர் சக்கரைத் தண்ணி கொண்டாந்து குடிக்கச் சொன்னாங்க. எங்கம்மா பதறிப் போச்சு. ஆபரேசன்னா முந்தின நாளே வாயைக் கட்டிரணும், பச்சைத்தண்ணி பல்லுல படக்கூடாதுன்னுதானே எங்க அம்மாவுக்குத் தெரியும். டம்ளரை வாங்கிக் கட்டிலுக்கு அடியில வெச்சிருச்சு. சிஸ்டர் திரும்பி வந்து பாத்துட்டு, எடுத்து எங்கிட்டக் குடுத்துட்டு, நான் முழுசாக் குடிச்சு முடிக்கற வரைக்கும் இடுப்புல கையை வெச்சுட்டு நின்னாங்க. இதமான சூடு. நான் ஒறம்பரை வீட்டுல பலகாரம் திங்கற மாதிரி அம்மாவைப் பாக்காம குடிச்சேன்.

ஆபரேசன் முடிஞ்சு ரெண்டு மணி நேரத்துல மறுபடியும் தண்ணி. தண்ணிங்க. சாதாரணத் தண்ணி. நாக்குல பட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, சிஸ்டர் வலிக்குதான்னு கேட்டாங்க, இல்லைன்னேன். அரை டம்ளர்தான் கொடுத்தாங்க, அரை மணி கழிச்சு இன்னொரு அரை டம்ளர், அப்பறம் டீ, ரெண்டு பிஸ்கோத்து, மத்தியானம் ரசஞ்சாதம். ரசஞ்சாதம் வந்தப்ப அம்மா எந்திரிச்சே நின்னுருச்சு. பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணியைக் குடுத்தா வயிறு போட்டுரும், புண்ணுல சீழ் வெக்கும், இதெல்லாம் எங்கம்மா கண்ணால கண்ட மாதிரி சொல்லும். அதுக்கு மேல பபுள்கம் வேற. சிஸ்டர் ஒரு பபுள்கம்மைக் கையில குடுத்து, ஒரு நாளைக்கு மூணு தடவை மெல்லுங்க, மென்னா குடல் சீக்கிரம் முழிச்சுக்கும்னாங்க. சிஸ்டர் தலை மறைஞ்சதும் அம்மா என் வாயில இருந்து தோண்டி எடுத்துருச்சு. விழுங்கித் தொலைச்சீன்னா குடல்ல ஒட்டிக்கும், அப்பறம் அதுக்கொரு ஆபரேசன் பண்ணுவாங்கன்னு கிசுகிசுன்னு திட்டு. அதைக் காயிதத்துல மடிச்சு இடுப்புல சொருகிக்கிச்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சா தையல் இழுக்குது. தலகாணியை வயித்து மேல அழுத்திப் புடிச்சுட்டுச் சிரிச்சேன், அதுவும் சிஸ்டர் சொல்லிக் குடுத்ததுதான், சிரிச்சாலும் இருமினாலும் தும்மினாலும் தலகாணி. சிஸ்டர் வந்து, என்ன மெல்லக் காணோம்னு கேட்டாங்க. தீந்து போச்சுங்கன்னு அம்மா சொல்லுச்சு. சிஸ்டர் இன்னொண்ணு எடுத்துக் குடுத்தாங்க. அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் எங்கம்மா மொகத்தைப் பாத்து ஒரு வார்த்தை கடுசாச் சொல்லலை, அதுக்கே நான் அவங்களுக்குக் கும்பிடு போடணும்.

மூணு பதினஞ்சு. பெரியவ மிதுனா இந்நேரம் ஸ்கூல்ல கடைசிக்கு முந்தின பீரியடுல இருப்பா. தம்பியா தங்கச்சியான்னு காலையிலயே போன் பண்ணிக் கேட்டாளாம், தம்பின்னதும் அப்ப என் சைக்கிளைக் குடுக்க மாட்டேன்னாளாம். பொழுதோட அவங்க அப்பா கூட்டிட்டு வருவாரு. மிதுனாவுக்கு ஏழு வயசு. அவளும் ஆபரேசன்தான், வேற ஊருல, வேற ஆஸ்பத்திரியில, அதோட பேரெல்லாம் எதுக்கு. அங்க ரெண்டு நாளு மல்லாக்கப் படுத்த மேனிக்கே கெடந்தேன். உதடு வெடிச்சிருச்சு. அம்மா பஞ்சை நனைச்சு உதட்டுல வெக்கும், நான் அந்தப் பஞ்சைச் சப்புவேன், சப்பாத சப்பாதன்னு புடுங்கிக்கும். புடுங்கறப்ப அதுவும் அழுகும். காத்துப் பிரிஞ்சாத்தான் தண்ணின்னு அங்க சட்டம். ஆபரேசன் பண்ணின வயிறு, காத்துப் பிரிஞ்சுதுன்னாத்தான் குடல் வேலை செய்யுதுன்னு அர்த்தம், அது வரைக்கும் ஒரு சொட்டு வாயில ஊத்தப்படாது. அதுனால ஊரே என் வயித்துக் காத்துக்குக் காத்துட்டு இருந்துச்சு. பாக்க வந்த ஒறம்பரை எல்லாம் கொழந்தை யாரு சாடைன்னு கேக்கறதுக்கு முன்னாடி காத்துப் பிரிஞ்சுதான்னு கேட்டாங்க. என் மாமியார் கேட்டாங்க, மாமியாரோட தங்கச்சி கேட்டாங்க. என்ன பொழப்பு இது. ஒருத்தி காத்து விட்டாளா இல்லையான்னு ஒரு ரூம்பு நெறைய ஆளுங்க.

பிரிஞ்சுது. அதைத்தான் நான் ஏழு வருசமா யாருகிட்டயும் சொல்லலை. அடுத்த நாள் விடிகாலையிலயே பிரிஞ்சுது, சத்தமாத்தான் பிரிஞ்சுது, நான் முழிச்சுத்தான் இருந்தேன். எட்டு மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தாரு. பின்னாடி நர்சுங்க, நோட்டுப் புடிச்ச பசங்க புள்ளைங்க ஆறேழு பேரு, வாசல்ல எங்க மாமா, என் மாமனார், வெள்ளை வேட்டியோட கையில பழப்பையோட நிக்கறாரு. எங்க மாமா முன்னாடி நான் உக்காந்து கூடச் சாப்பிட்டதில்லை. டாக்டர் உரக்கக் கேட்டாரு, காத்துப் பிரிஞ்சுதாம்மான்னு. நான் மாமாவைப் பாத்தேன். இல்லைங்கன்னு தலையை ஆட்டிட்டேன். அவ்வளவுதான், டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு. அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மத்தியானம் மாமியாரு, சாயங்காலம் மாமாவோட தம்பி, ஆரு இல்லாதப்ப சொல்லறது. நர்சுகிட்டச் சொல்லலாம்னா, பொய் சொன்னியான்னு கேப்பாங்களேன்னு ஒரு பயம். அப்படியே இன்னொரு நாளு போச்சு. தண்ணியில்லாம, சோறில்லாம. மூணாம் நாளு எந்திரின்னு சொன்னாங்க, எந்திரிச்சேன், கண்ணு இருட்டிருச்சு, கட்டில் கம்பியில நெத்தி பட்டு விழுந்தேன். அதோட இன்னும் ரெண்டு நாளு படுக்கை. அதுக்குள்ள மிதுனா டப்பாப்பாலுக்குப் பழகிட்டா. நெஞ்சுல வெச்சா மொகத்தைத் திருப்பிக்குவா, கை ரெண்டையும் மடக்கிட்டு வீல்னு கத்துவா. எனக்குப் பாலும் வத்திருச்சு. பால் இல்லாதவன்னு மாமியார் வீட்டுல ஒரு பேரு வந்துச்சு. பேரு வந்தா வந்துட்டுப் போகுது. அவளுக்கு ஒவ்வொரு தடவை சளி புடிக்கறப்பவும், ஒவ்வொரு தடவை காய்ச்சல்ல கெடக்கறப்பவும், வெக்கத்துக்குப் பயந்துட்டு இந்தப் புள்ளை பாலை நான்தானே கெடுத்தேன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு அறுக்கும். ஒரு தலையாட்டல். ஒரே ஒரு தலையாட்டல்.

இன்னிக்கு மத்தியானம் சிஸ்டர் செல்வராணி ரசஞ்சாதத்தோட வந்தப்ப, மொதல்ல திரையை இழுத்து விட்டாங்க. குனிஞ்சு, என் காதுகிட்ட வந்து, காத்துப் பிரிஞ்சுதாங்கன்னு கேட்டாங்க. அந்தத் திரையை இழுத்த கையை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். இன்னும் இல்லைங்கன்னேன். இந்தத் தடவை நெசமாவே இல்லை. அப்பச் சோறு வேண்டாங்களான்னு நானே தட்டைத் தள்ளினேன். அவங்க, அதுக்கும் சோத்துக்கும் சம்பந்தமில்லைங்க, பசிச்சாச் சாப்பிடுங்க, சாப்பிட்டாத்தான் அது தன்னால வரும், முன்னாடியெல்லாம் காத்துட்டு இருக்கச் சொல்லுவாங்க, இப்ப அப்படி வெக்கறதில்லைன்னாங்க. அப்ப அந்தக் கேள்வியே தேவையில்லையா. நான் ஆமான்னு சொல்லியிருந்தாலும் இல்லைன்னு சொல்லியிருந்தாலும் ஒரு டம்ளர் தண்ணியைக் குடுத்திருக்கலாமா. ஏழு வருசம். கோவம் வந்துச்சு, ஆரு மேலன்னு தெரியலை, அந்த டாக்டர் மேலயா, அவரும் அவருக்குச் சொல்லிக் குடுத்ததைத்தானே செஞ்சிருப்பாரு. கோவத்தோடயே ரசஞ்சாதத்தைச் சாப்பிட்டேன். உப்புக் கம்மிதான். தட்டை வழிச்சுச் சாப்பிட்டேன்.

மூணு இருவத்தஞ்சுக்குச் சிஸ்டர் வந்துட்டாங்க, சக்கர நாக்காலியைத் தள்ளிட்டு. மூத்திர டியூப்பை அப்பவே எடுத்தாச்சு. மொதல்ல ஒருக்களிச்சுப் படுங்கன்னாங்க. முழங்காலை மடக்கி, உருண்டு, ஒருக்களிச்சேன். வயித்துக்குள்ள எல்லாம் ஒரு பக்கமாச் சரிஞ்ச மாதிரி இருந்துச்சு. காலைக் கட்டிலுக்கு வெளிய தொங்க விடுங்க, முழங்கையை ஊணி எந்திரிங்க, வயித்தால எந்திரிக்காதீங்க, கையால எந்திரிங்க. கையால எந்திரிக்கறது எப்படின்னு எனக்கு இத்தனை வயசுல ஆருமே சொன்னதில்லை. உக்காந்துட்டேன். உக்காந்ததும் மூளை சொல்லுது, இப்பத்தான் கண்ணு இருட்டும், இப்பத்தான் அந்தக் கம்பி வரும். கம்பியைப் பாத்தேன். வெள்ளைப் பெயிண்டு, ஒரு எடத்துல உரிஞ்சிருக்கு. அம்மா என் முதுகுப் பக்கம் நின்னுட்டு வேண்டாம் சாமி, வேண்டாம் சாமின்னு முணுமுணுக்குது. அதுவும் அந்தக் கம்பியைத்தான் நெனைச்சிருக்கும். சிஸ்டர் அவசரப்படுத்தலை. உக்காந்தே அஞ்சு நிமிசம் இருங்க, காலை ஆட்டிட்டு இருங்க, தலை சுத்துச்சுன்னா படுத்துக்கலாம், ஒண்ணும் குடி முழுகிப் போகாதுன்னாங்க. காலை ஆட்டினேன். பஸ்ஸுல ஜன்னலோர சீட்டுக் கெடைச்ச சின்னப்புள்ளை மாதிரி காலை ஆட்டிட்டு உக்காந்திருந்தேன். இருட்டலை. இன்னும் நல்லாப் பாத்தேன், எங்கியாவது இருட்டுதான்னு. இல்லை.

நின்னேன். நின்னுட்டேங்கறது எனக்கே ஒரு நிமிசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. தரை சில்லுனு இருந்துச்சு. குனிஞ்சு நடக்காதீங்க, தையல் பிரியாது, ஏழு லேயர் தெச்சிருக்கு, நிமுந்து நடங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. தெச்சதைப் பத்தி எங்கிட்டயே சொல்லறாங்க பாருங்க, நான் ஓவர்லாக் தையலே ரெண்டாவது துவைப்புல பிரிஞ்சு வர்றதைப் பாத்தவ. ஆனா நம்பினேன். சக்கர நாக்காலி பின்னாடியே வரும், உக்காரணும்னா உக்காருங்க, நடக்கணும்னா நடங்கன்னாங்க. அந்த நாக்காலியைத் தள்ளற வேலை எங்கம்மாவுக்கு. நான் முன்னாடி, சிஸ்டர் கை என் முழங்கைக்கு அடியில, தொடாம, புடிக்கத் தயாரா. பின்னாடி அம்மா காலி நாக்காலியைத் தள்ளிட்டு வருது, கோயிலுக்கு வேண்டுதல் வெச்சவ மாதிரி ஏதோ பேசிட்டே வருது. நாக்காலியில ஒரு சக்கரம் கீச்சுக் கீச்சுங்குது. ஒரு அடி. இன்னொரு அடி. கீழ் வயித்துல தீயைத் தொட்ட மாதிரி ஒரு சுருக்கு, அப்பறம் இல்லை. வராந்தாவுல வெயில் சாஞ்சு விழுந்திருக்கு, ஆரோ துவைச்ச பாவாடையைக் கம்பியில காயப் போட்டிருக்காங்க. உலகம் அது பாட்டுக்கு இருக்குது. நான் நடக்கறேன். ஆண்டவா, நான் நடக்கறேன். இந்த வார்த்தையை நான் வாய் விட்டுச் சொன்னேனா இல்லை மனசுக்குள்ளயான்னு தெரியலை, சிஸ்டர் ஆமாங்க, நடக்கறீங்கன்னாங்க.

பாதி வராந்தாவுல ஒரு தூணு. அங்க நின்னு மூச்சு வாங்கிட்டேன். அப்பத்தான் சிஸ்டரை ஆரோ கூப்புட்டாங்க, ரெண்டு நிமிசம் இங்கயே இருங்க, தூணைப் புடிச்சுக்கங்கன்னு போனாங்க. நானும் அம்மாவும் காலி நாக்காலியும். அம்மா வியர்த்து வழிஞ்சு போயிருந்துச்சு, நடந்தது நான், வியர்வை அதுக்கு. ஏழு வருசமாச் சொல்லாததை அந்தத் தூணுகிட்ட ஏன் சொன்னேன்னு எனக்குத் தெரியலை. நின்னதுல ஒரு தைரியம் வந்திருக்கும்.

"அம்மா, மிதுனா பொறந்தப்ப நான் பொய் சொன்னேன். காத்து மறுநாள் விடிகாலையிலயே பிரிஞ்சிருச்சு. மாமா நின்னாருன்னு வெக்கப்பட்டுட்டு இல்லைன்னுட்டேன்."

அம்மா என்னைப் பாக்கலை. நாக்காலிக் கைப்புடியை முந்தானையில தொடைச்சுது. தொடைச்ச எடத்தையே மறுபடியும் தொடைச்சுது.

"தெரியும் கண்ணு. உன்ர கட்டிலுக்கு அடியிலதான நான் படுத்திருந்தேன். எனக்குக் கேக்காதா. நீ தலையை ஆட்டினப்ப நானும் வாயைத் தெறக்கலை. சம்பந்தி முன்னாடி அதைய எப்படிச் சொல்லறது. பஞ்சை உன்ர வாயில இருந்து புடுங்கிட்டே இருந்தேன் பாரு, பாவி."

நான் தூணைப் புடிச்சுட்டு நிக்கறேன். ஏழு வருசமா ரெண்டு பேரும் ஒரே பாயில உக்காந்து முருங்கைக்கீரை உருவியிருக்கோம், ஒரே தட்டுல முறுக்குத் தின்னிருக்கோம், மிதுனாவுக்குச் சளின்னா ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உக்காந்து அவ நெஞ்சுல தைலம் தேச்சிருக்கோம். நான் என்னைய நெனைச்சுத் தேச்சேன், அது அதைய நெனைச்சுத் தேச்சிருக்கு. அதுனாலதான் இன்னிக்குத் தண்ணியைப் பாத்ததும் அப்படிப் பதறுச்சாக்கும், குடுக்காம விட்டது தப்புன்னு ஒத்துக்கிட்டா அது எங்க போயி நிக்கும். திட்டணும்னு தோணலை. கையை நீட்டினேன். அம்மா கை ஐஸா இருந்துச்சு. அன்னிக்கே தண்ணி குடுத்திருக்கலாமாம், காத்துக்கும் தண்ணிக்கும் சம்பந்தமே இல்லையாம், சிஸ்டர் சொன்னாங்கன்னு சொன்னேன். அப்படியான்னு கேட்டுச்சு. மறுபடியும் அப்படியான்னுச்சு. அப்பறம் நாக்காலியைத் தள்ளி என் பின்னாடி சரியா நிறுத்திட்டு, நட சாமி, நேரமாச்சுன்னுச்சு. காலையில இருந்து வேண்டாம் வேண்டாம்னு சொன்ன வாயி.

குழந்தைங்க வார்டு வாசல்ல செருப்பு வெளிய, கூட வந்தவங்களும் வெளிய. அம்மாவும் நாக்காலியும் நின்னுட்டாங்க. சிஸ்டர் வந்து கதவைத் திறந்து விட்டாங்க, உள்ள நாலஞ்சு அடிதான், நான் தனியா நடந்தேன். கை கழுவிட்டு உக்காந்தேன். அங்க இருந்த நர்ஸ் எம் பையனை எடுத்துட்டு வந்து மடியில வெச்சாங்க, தையல்ல படாம, பக்கவாட்டுல கக்கத்துக்கு அடியில காலை விட்டு. இத்துனூண்டு. மூச்சை எண்ணினேன், நல்லாத்தான் வாங்கறான். வாயில வெச்சேன், தூங்கறான். கன்னத்தைத் தடவினேன், மொகத்தைத் திருப்பினான். திருப்பினதும் எனக்கு உசுரே போச்சு, மிதுனா திருப்பின அதே பக்கம். அந்த நர்ஸ் பக்கத்துல பாலாடைச் சங்குல டப்பாப்பால் கலக்கி வெச்சிருந்தாங்க, அவங்க மேல தப்பில்லை, மணி நாலு தாண்டிருச்சு. கொஞ்ச நேரம் பாக்கறேங்கன்னேன். பாருங்க, ஒண்ணும் அவசரமில்லைன்னு அவங்களும் நின்னாங்க. பாதத்தைச் சுண்டச் சொன்னாங்க, சுண்டினேன். ஒரு சொட்டுப் பாலைப் பிழிஞ்சு உதட்டுல வெக்கச் சொன்னாங்க, வெச்சேன். நாக்கை நீட்டிப் பாத்தான். வாயைத் தெறந்தான். அப்பறம் கப்புனு புடிச்சான் பாருங்க, எனக்கு அடிவயிறு வரைக்கும் ஒரு சுண்டு சுண்டுச்சு, கர்ப்பப்பை சுருங்குது, நல்லதுதான்னாங்க. இழுக்கறான், நிறுத்தறான், இழுக்கறான். தொண்டையில இறங்கற சத்தம் எனக்குக் கேக்குது. எனக்குத்தான் பால் இல்லைன்னு சொன்னாங்க. நர்ஸ் பாலாடையை எடுத்துட்டுப் போயி சிங்க்குல கவுத்தாங்க. சிரிச்சா தலகாணி, இருமினா தலகாணின்னு சொல்லிக் குடுத்தாங்க, இதுக்கு என்ன வெச்சு அழுத்தறதுன்னு யாரும் சொல்லலை. கை ரெண்டுலயும் இவன்தான் இருக்கான். தையல் இழுத்தா இழுக்கட்டும்னு நான் பாட்டுக்கு அழுதேன். அவன் விடாமக் குடிச்சான்.